பல மரம் கண்ட தச்சர்கள்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம்மூர்ப் பழமொழி. ஒரு சண்டைக்கலை கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்னொன்றிலும் சேர்க்கலாமா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வீட்டுப் பெரியவர்கள் முதலில் எடுத்து வீசுவது இதைத்தான். பழமொழி தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்று ஊர் ஊராகப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு கற்கும் ஜூடோ, கராத்தே, ஐகிடோ மூன்றின் சரித்திரத்தையும் புரட்டினால், அவற்றை உருவாக்கிய பெரிய கைகள் பெரும்பாலும் பல மரம் கண்ட தச்சர்களுடையவைதான்!

நான் இந்தச் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம், கல்கத்தாவில் எங்கள் குடியிருப்புக்கு மாற்றலாகி வந்த ஒரு நெல்லைக் குடும்பம். பையன் ஊரில் ஐந்து வருஷம் சிலம்பம் கற்றவன். காலடி சுத்தமாக இருக்கும், மொட்டை மாடியில் கம்பு சுற்றினால் கீழே நிற்கும் செக்யூரிட்டிகூட அண்ணாந்து பார்ப்பார். இங்கே பக்கத்தில் சிலம்பத்துக்கு வாத்தியார் யாரும் கிடைக்கவில்லை. தெருமுனைக் கிளப்பில் ஜூடோ உண்டு. அப்பா என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இதுல சேத்துவிட்டா அது போயிருமோ?" அது போய்விட்டால் இந்த ஊரில் திருப்பிச் சொல்லித்தர ஆள் கிடையாதே என்பதுதான் அவர் கவலை. வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகவே புரியும். பாஷை, பாட்டு, கோலம் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு இருப்பதுதானே.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கானோ ஜிகோரோ. (ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முதலில் போடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி.) 1860-ல் கோபேக்குப் பக்கத்தில் மிகாகே என்ற ஊரில் பிறந்தவர். அரிசி மதுவான சாக்கே வடிக்கும் வசதியான குடும்பம். படிப்புக்காக டோக்கியோ விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஆள் குள்ளம், நோஞ்சான். முழுசாக வளர்ந்த பிறகும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். படிப்பில் முதல் வரிசை, சக மாணவர்களிடம் அடி வாங்குவதிலும் முதல் வரிசை. சின்ன ஆள் பெரிய ஆளைச் சாய்க்க ஜுஜுட்சு என்று ஒரு வித்தை உண்டு எனக் கேள்விப்பட்டு, அதைக் கற்றே தீருவது என்று அலைந்தார்.

அலைய வேண்டியிருந்தது. காலம் அப்படி. 1868-ல் பேரரசரிடம் ஆட்சி திரும்பி, சாமுராய்களின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் போய், 1876-ல் வாள் தரிப்பதற்கே தடை வந்துவிட்டது. மேல்நாட்டு மோகம் வேறு. பழைய ஜுஜுட்சு ஆசான்களில் பலர் பள்ளியை மூடிவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நம் தென்கோடியில் வர்ம ஆசான்கள் கட்டுப் போடுவது உங்களுக்கு ஞாபகம் வரலாம். அடிக்கத் தெரிந்தவனுக்கு ஒட்டவைக்கவும் தெரியும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது. கானோ போட்ட கணக்கு எளிமையானது: எலும்பு வைத்தியரைத் தேடினால் ஆசான் கிடைப்பார். கிடைத்தார். 1877-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு ஃபுகுடா ஹச்சினோசுகே என்பவரிடம் தென்ஜின் ஷின்யோ பள்ளியின் வித்தை கற்கச் சேர்ந்தார். அடி, கழுத்து நெரிப்பு, கிடத்திப் பிடித்து அமுக்குவது, இவற்றில் கெட்டியான பள்ளி அது.

ஃபுகுடா பழைய காலத்து வாத்தியார். ஒரு வீச்சைக் காட்டினார். காலை எப்படி வைப்பது, கையை எங்கே இழுப்பது என்று கானோ விளக்கம் கேட்டார். பதிலுக்கு மறுபடி தூக்கிப் போட்டார். திரும்பக் கேட்டதற்கு இன்னொரு முறை தரையில் விழுந்ததுதான் மிச்சம். நூறு தடவை விழு, உடம்புக்கே புரியும் என்ற கட்சி அவர். கானோவுக்கோ ஏன், எப்படி என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது.

அந்தப் பள்ளியில் ஃபுகுஷிமா என்று ஒரு பருத்த சீனியர். கானோ என்ன செய்தும் அவரை அசைக்க முடியவில்லை. சூமோ பயில்வான் ஒருவரிடம் போய் உத்தி கேட்டுவந்தார், பலிக்கவில்லை. அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. நேராக நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். அதில், எதிராளியின் அடியில் குனிந்து புகுந்து அவரை இரண்டு தோளிலும் மூட்டை மாதிரி ஏற்றிப் புரட்டும் உத்தி ஒன்று அகப்பட்டது. ரகசியமாகப் பழகினார். அடுத்த முறை ஃபுகுஷிமா மேலே எழும்பித் தரையில் விழுந்தார். இன்றும் ஜூடோவில் 'காட்டா குருமா', அதாவது தோள் சக்கரம், என்ற பெயரில் அது இருக்கிறது. ஜப்பானின் கௌரவச் சின்னமான ஜூடோவுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பிடி!

1879-ல் ஃபுகுடா காலமானார். கானோ அதே பள்ளியைச் சேர்ந்த இன்னொரு முதியவரான ஈஸோவிடம் தொடர்ந்தார். 1881-ல் அவரும் போய்ச்சேர, ஈக்குபோ ட்சுனெதோஷி என்பவரிடம் போனார். இவர் வேறு பள்ளி, கீட்டோ. அதன் உயிர் வீச்சில், அதாவது நின்றபடியே ஆளைத் தூக்கி எறிவதில், இருந்தது. இத்தனை வருஷம் ஜுஜுட்சு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த கானோ, இந்த மனிதரிடம் மளார் மளாரென்று விழுந்தார். ஒரு பள்ளியில் எல்லாமும் இருக்காது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தை மட்டும் வளர்த்து வைத்திருக்கிறது என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

ஃபுகுடா விளக்காமல் விட்டதற்கு விடையும் இங்கே தேடத் தேடக் கிடைத்தது. எதிராளியை எறிவதற்கு முன் அவர் நிலையைக் குலைக்க வேண்டும். தள்ளினால் இழு, இழுத்தால் தள்ளு, குதிகாலிலோ விரல் நுனியிலோ அவர் பாரம் தொங்கும் அந்தக் கணத்தில் வீசு. ஜப்பானிய மொழியில் இதற்குக் குஸுஷி என்று பெயர். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் கானோ தன் குருவையே திரும்பத் திரும்ப எறிந்தார். ஈக்குபோ கோபப்படவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இனி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று தம் பள்ளியின் ஏடுகளையும் கொடுத்துவிட்டார். எத்தனை வாத்தியார்களுக்கு இந்த மனசு வரும்?

1882-ல் கானோ, ஏய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில் கோடோகான் என்று தன் பள்ளியை ஆரம்பித்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஈக்குபோவே அங்கு வந்து சொல்லிக்கொடுத்தார். இவர்கள் விழுகிற அதிர்ச்சியில் கோயிலின் நினைவுப் பலகைகள் ஆடுகின்றன என்று குருக்கள் புலம்புவாராம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. புதுசாக ஜூடோ என்று பெயர் வைத்தாரே, பழசைத் தூக்கிப் போட்டாரா? இல்லை. கவசம் அணிந்த வீரர்கள் மோதுவதாகப் பாவித்துச் செய்யும் கீட்டோ பள்ளியின் இருபத்தொரு அடவுகளை, ஏறக்குறைய அப்படியே, 'கோஷிக்கி நோ காட்டா' (பழைய முறையின் அடவு வரிசை) என்ற பெயரில் ஜூடோவுக்குள்ளேயே வைத்தார். போட்டியில் அதற்கு ஒரு புள்ளி கிடையாது. யாரும் கவசம் போடுவதும் இல்லை. ஆனாலும் இன்றுவரை அதைச் செய்துகாட்டுகிறார்கள்.

நெல்லைப் பையன் கதைக்கு ஒரு நிமிஷம் திரும்பிவிடுகிறேன். ஜூடோவில் சேர்ந்த முதல் மாதம் அவனுக்குப் பெரும்பாடு. சிலம்பக்காரனுக்கு உடம்பில் ஊறியது, எதிராளியின் கம்பு எட்டாத தூரத்தில் நிற்பது, நெருங்கினால் பின்வாங்கிச் சுற்றுவது. ஜூடோவிலோ சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பமே. இவன் பழக்கதோஷத்தில் பின்னால் போக, போகிற பாரத்தையே பயன்படுத்திக் காலை வாரிவிட்டார்கள். "மாமா, அஞ்சு வருஷம் படிச்சதெல்லாம் இங்க தப்பாம்!" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தப்பெல்லாம் இல்லை, அது கம்புக்குச் சரி. கம்பு கையைவிட்டுப் போய், ஒருத்தன் வந்து கட்டிப் பிடித்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். யோசித்தான். "அது தெரியாது மாமா." சரி, அதைத் தெரிந்துகொள்ளத்தான் அங்கே போகிறாய் என்றேன்.

என்னைக் கேட்டால் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நூலகத்துக்குப் போகும்போதும் ஈக்குபோவிடம் போகும்போதும் கானோவின் மடியில் ஒரு கேள்வி இருந்தது. முதல் கலை கொடுத்த கேள்வி. ஆறு மாதம் கராத்தே, ஆறு மாதம் டேக்வாண்டோ, லீவுக்குக் களரி என்று பிள்ளைகளை நாம் ஓட்டுகிறோமே, அதில் கேள்வி பிறக்கவே அவகாசம் இல்லை. பழமொழி சொல்லும் தச்சன் அங்கேதான் இருக்கிறான்.

இனி கராத்தே. 1922-ல் ஒகினாவா தீவிலிருந்து ஃபுனாகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் டோக்கியோவுக்கு வந்தார். வயது ஐம்பத்து மூன்று. கல்வி அமைச்சு நடத்திய கண்காட்சி ஒன்றில் தங்கள் தீவின் வித்தையைக் காட்டிவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. ஒகினாவா 1879-ல்தான் ஜப்பானோடு சேர்க்கப்பட்டது. அவர்கள் பேச்சு வேறு, சாப்பாடு வேறு, தலைநகரத்துக்காரர்களுக்கு அவர்கள் மேல் ஓர் இளக்காரம் உண்டு. அப்படிப்பட்டவரை கானோ கோடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். கூடப் போய்ச் செய்துகாட்டியவர் கீமா என்ற ஒகினாவா மாணவர். சொந்த ஊர்க் கராத்தேயையும் டோக்கியோவின் ஜூடோவையும் சேர்த்தே பயின்றுகொண்டிருந்த பிள்ளை அவர்!

எல்லாம் முடிந்ததும் கானோ, நீங்கள் காட்டிய அடவு வரிசைகளை எல்லாம் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாராம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் ஃபுனாகோஷி. அவ்வளவு கேட்பது நியாயமில்லை, இரண்டு மூன்றாவது எனக்குச் சொல்லித்தர முடியுமா என்றார் கானோ. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. நாடு முழுக்கச் சீடர்கள், ஒலிம்பிக் கமிட்டியில் உட்கார்ந்த முதல் ஆசியர் (1909-ல்) என்ற பெருமை எல்லாம் இருந்தது. தன் சரிதையில் இதை நெகிழ்ந்துபோய் எழுதியிருக்கிறார் ஃபுனாகோஷி.

அவர் ஊர் திரும்பவே இல்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் ஒரு சின்ன அறை எடுத்து, பகலில் பெருக்கித் தோட்டம் பார்த்து, அங்கேயே வகுப்பும் நடத்தினார். மனைவி ஊரில்தான். மும்பை மாதுங்காவிலும் டெல்லி கரோல்பாகிலும் ஒண்டுக்குடித்தனத்தில் தொடங்கிய நம் மூத்த தலைமுறைக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. கானோ இறந்த பிறகும் கோடோகான் வழியாகப் போக நேர்ந்தால், டிராமில் இருந்தாலும், தொப்பியைக் கழற்றி வணங்குவாராம்.

ஃபுனாகோஷியிடம் அந்த ஆரம்ப நாட்களில் வந்து சேர்ந்தவர் ஓட்சுகா ஹிரோனோரி. முப்பது வயது, வங்கியில் வேலை பார்த்தவர் (நம்மாளு!), ஷிந்தோ யோஷின் என்ற ஜுஜுட்சு பள்ளியில் சிறு வயதிலிருந்தே ஊறியவர். அவர் கண்ணுக்குக் கராத்தேயின் அடி பிடித்திருந்தது. ஆனால் தனியாக நின்று அடவு செய்வதோடு நிறுத்திக்கொள்வது பிடிக்கவில்லை. எதிரே ஆள் நின்று தாக்கினால்தானே விலகத் தெரியும்? ஜுஜுட்சுவில் எல்லாமே இருவராகச் செய்வது. அதைக் கராத்தேக்குள் கொண்டுவந்தார், மோதிப் பார்க்கவும் விரும்பினார். ஃபுனாகோஷிக்கு அது உவப்பாக இல்லை. இருவரும் பிரிந்தார்கள். 1930களில் ஓட்சுகா நிறுவிய வாடோ பள்ளி இன்று கராத்தேயின் நான்கு பெரிய பிரிவுகளில் ஒன்று.

ஆக, இரண்டு கலை கற்பதில் நஷ்டமும் உண்டு. குருவின் மனவருத்தம் அதில் ஒன்று, சில சமயம் அது தீராது.

1930-ல் கானோ, உயெஷிபா மோரிஹேய் என்பவரின் வித்தையைப் பார்க்கப் போனார். பிற்பாடு ஐகிடோ என்று பெயர் பெற்றது அதுதான். பார்த்துவிட்டு, தான் தேடிய லட்சியம் இதுவே என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். எழுபதை நெருங்கிய ஒரு பள்ளி ஸ்தாபகர் இன்னொருவரின் கூடத்தில் நின்று இதைச் சொல்வது லேசான காரியமா? பேச்சோடு விடவில்லை. மொச்சிசுக்கி மினோரு, டகேடா ஜிரோ என்ற இரண்டு சீடர்களை அங்கே கற்கவும் அனுப்பினார். கோடோகானுக்கு உள்ளேயே பழைய வாள், தடி வித்தைகளைக் கற்க ஒரு குழுவையும் அதற்கு முன்பே அமைத்திருந்தார். மொச்சிசுக்கி அதிலும் இருந்தவர்.

மொச்சிசுக்கியை உயெஷிபாவுக்கு மிகவும் பிடித்துப்போய், மருமகனாக்கிக்கொள்ளக்கூட ஆசைப்பட்டார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1951-ல் பிரான்சுக்கு ஜூடோ சொல்லித்தரப் போனவர் அங்கே ஐகிடோவையும் அறிமுகப்படுத்தினார். மல்லர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் வந்து மோதிப் பார்த்தார்கள். ஐகிடோவை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை, ஜூடோவும் வாள் வித்தையும் கைகொடுத்தன என்று திரும்பி வந்து உயெஷிபாவிடமே சொன்னார். எப்போதும் வெற்றி தோல்விதானா உன் பேச்சு என்று கடிந்துகொண்டார் கிழவர். மொச்சிசுக்கி கடைசிவரை எல்லாவற்றையும் சேர்த்தே ஷிசுவோக்காவில் சொல்லிக்கொடுத்தார். 2003-ல்தான் காலமானார்.

டொமிக்கி கெஞ்சி இன்னொருவர். ஜூடோ வீரராக இருந்து உயெஷிபாவிடம் வந்தவர், வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர். ஐகிடோவுக்கும் ஜூடோ மாதிரிப் போட்டி வேண்டும் என்றார். போட்டி வைப்பதென்றால் ஐகிடோ என்ற பெயரை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று ஐகிடோக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன் :)

கல்கத்தாவில் உட்கார்ந்து இதை எழுதிவிட்டு சாந்திநிகேதனைச் சொல்லாமல் போக முடியாது. தாகூர் 1905-லேயே சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியரை வரவழைத்துத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜுஜுட்சு சொல்லித்தரச் செய்தார். 1929-ல் கோடோகானின் டக்காகாக்கி ஷின்ஸோவே வந்தார். பெண் பிள்ளைகளும் பாயில் இறங்கினார்கள், அந்தக் காலத்தில்! 1931-ல் கல்கத்தா நியூ எம்பயர் அரங்கில் செய்துகாட்டியபோது அதற்கென்றே தாகூர் ஒரு பாட்டும் எழுதிக்கொடுத்தார். தடி சுழற்றும் லாட்டி வித்தையும் குஸ்தி அக்காடாக்களும் ஏற்கெனவே செழித்திருந்த வங்காளத்தில்தான் இது நடந்தது. ஆனால் அந்த வாத்தியாரை நெடுநாள் வைத்துக்கொள்ளப் பணம் திரட்ட முடியவில்லை. ஓரிரு வருஷத்தில் அவர் கிளம்பிவிட்டார்.

நெல்லைப் பையனுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான்: வாரம் மூன்று நாள் ஜூடோ, மீதி நாள் காலையில் அரை மணி நேரம் மாடியில் கம்பு. புதிதாக எதுவும் வேண்டாம், கற்ற காலடியும் வீடு கட்டுவதும் மட்டும். மாதம் ஒருமுறை அதை வீடியோ எடுத்து ஊர் ஆசானுக்கு அனுப்புவது அப்பா பொறுப்பு. ஜூடோவில் சேர்வதற்கு முன்பே ஆசானுக்கு போன் போட்டு அனுமதி கேட்கச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "விழச் சொல்லிக் குடுப்பாவளா?" ஜூடோவில் முதல் பாடமே அதுதான் என்று சொன்னதும், அப்ப போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

கொசுறு: பிள்ளைகள் கராத்தே வகுப்புக்குப் போட்டுப்போகும் வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டும் ஒகினாவாவில் இருந்தவை அல்ல, ஜூடோவிலிருந்து ஃபுனாகோஷி எடுத்துக்கொண்டவை. 1924-ல்தான் அவர் முதல்முதலாகத் தம் மாணவர்களுக்கு 'டான்' தகுதி வழங்கினார், அந்த முதல் வரிசையில் கீமாவும் ஓட்சுகாவும் இருந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் அதற்கும் பிறகு, 1920-30களில் ஐரோப்பாவின் ஜூடோ கிளப்புகளில் வந்து சேர்ந்தவை. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு பரீட்சை, பரீட்சைக்கு ஒரு ஃபீஸ் என்பது மட்டும் யார் கண்டுபிடிப்பு என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.